படம் ஏன் இப்படி வந்தது? மட்டக்களப்பு வெப்பத்தில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுவோருக்கு

இல்ஃபோர்ட், கொடாக் பிலிம்களுக்குச் சொல்லப்படும் கழுவும் நேரங்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசை வைத்து எழுதப்பட்டவை. மட்டக்களப்பில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் மார்கழி அடைமழையிலும் அந்த அளவுக்குக் குளிராது. சித்திரை மத்தியானத்தில் மேல்தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீர் 30ஐயும் தாண்டும். குளிர் நாட்டுக்கு எழுதிய வழிகாட்டியை ஒருவர் வரிக்கு வரி பின்பற்றியும் நெகட்டிவ் கெட்டுப்போகலாம். உடனே கமராவில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அதை அலுமாரிக்குள் வைத்துவிடுவார். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகிற மாதிரி கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் நெகட்டிவில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள். மற்ற எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது.

எந்தப் பிழையானாலும் முதலில் ஓரத்தைப் பாருங்கள்

35 மி.மீ. பிலிமில் துளைகளை ஒட்டிக் கம்பனியின் பெயரும் பட எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளி பட்டு வருபவை. உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆகவே அந்த எழுத்து எவ்வளவு கறுத்திருக்கிறது என்பது டெவலப்பர் (படத்தைத் தோன்றச் செய்யும் மருந்து) எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு நேரடிச் சாட்சி.

எழுத்து நன்றாகக் கறுத்து, படம் மட்டும் மெலிந்திருந்தால் படம் எடுக்கும்போது ஒளி போதவில்லை. எழுத்தும் மங்கி, படமும் மங்கியிருந்தால் கழுவியதில் பிழை. எழுத்து தடித்துக் கரைகள் ஊறின மாதிரி இருந்தால் கூடுதலாகக் கழுவப்பட்டிருக்கிறது. நெகட்டிவை நேரே பல்புக்குப் பிடித்துப் பார்க்க வேண்டாம். பகலில் யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் முன்னால் பிடித்துப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழைகளுக்கு வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

முழு றோலும் வெறுமையாக வந்தால்

ஓரத்து எழுத்து இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை என்றால் பிலிம் கமராவுக்குள் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. பெரும்பாலும் முதலாவதுதான். பிலிமை மாட்டிய பிறகு, சுற்றும் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்து மீளச்சுற்றும் குமிழ் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் பிலிமின் நாக்கு (அதன் தொடக்க நுனி) பற்றவில்லை. வேறு கண்ணாடி வழியாகப் பார்த்து எடுக்கும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கமராக்களில் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்துவிடுவதும் நடக்கும்.

ஓரத்து எழுத்தும் இல்லை, பிலிம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது என்றால் டெவலப்பர் செத்திருக்க வேண்டும். அல்லது ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கவைக்கும் மருந்து) முதலில் ஊற்றப்பட்டிருக்க வேண்டும். போத்தல்களுக்குப் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டினால் இரண்டாவது வராது.

முதலாவதுக்கு இங்கே காரணம் வெப்பம். கலந்து வைத்த டி-76, ஐ.டி.-11 போன்ற டெவலப்பர்கள் காற்றுப் புகாத நிறைந்த போத்தலில் ஆறு மாதம் இருக்கும் என்பது குளிர் இடத்துக் கணக்கு. ஓட்டுக் கூரைக்குக் கீழே, அரைப் போத்தலில், அத்தனை நாளை எதிர்பார்க்காதீர்கள். சின்னச் சின்னப் போத்தல்களில் வாய்வரை நிரப்பி, வீட்டில் குளிர்ந்த மூலையில் வையுங்கள். டி-76 பழுப்பு நிறத்துக்கு மாறினால் ஊற்றிவிடலாம். எக்ஸ்டோல் என்ற டெவலப்பர் அப்படி நிறம் காட்டாது, தெளிந்த தண்ணீர் போல இருந்துகொண்டே செத்துப்போகும். அதனால் எந்த டெவலப்பர் ஆனாலும், கழுவப் போகும் முன் பிலிமின் நாக்கில் வெட்டிய ஒரு துண்டை வெளிச்சத்திலேயே அதற்குள் போடுங்கள். சில நிமிடங்களில் நன்றாகக் கறுக்க வேண்டும். கறுக்கவில்லை என்றால் உங்கள் படங்கள் இன்னும் கெடவில்லை. புதிதாகக் கலந்து கழுவுங்கள்.

முழு றோலும் ஓரம் உட்படக் கறுத்திருந்தால் அதற்கு வெளிச்சம் பட்டுவிட்டது. வேறு விளக்கம் தேட வேண்டாம்.

மெலிந்த நெகட்டிவ், நிழலில் ஒன்றுமில்லை

ஓரத்து எழுத்து சரியாக இருந்தால் ஒளியை அளக்கும் அளவுமானி ஏமாந்திருக்கிறது. எந்த அளவுமானியும் தான் பார்ப்பதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். பாசிக்குடா மணலையும் காலை வாவியின் பளபளப்பையும் முகத்துவாரத்து வெளிச்சவீட்டின் வெள்ளைச் சுவரையும் பார்த்து ‘ஒளி தாராளம்’ என்று சொல்லும். நீங்கள் அதை நம்பி எடுத்தால் மணல் சாம்பலாகும், தோணிக்காரரின் முகம் கரியாகும்.

கையிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. உள்ளங்கை. மேனி நிறம் எதுவானாலும் உள்ளங்கை நடுத்தரச் சாம்பலை விட ஏறக்குறைய ஒரு ஸ்டொப் (ஒளி இரு மடங்காகும் ஒரு படி) வெளிச்சமானது. ஆளின் மேல் விழுகிற அதே ஒளியில் உங்கள் உள்ளங்கையை வைத்து அளந்து, அதைவிட ஒரு ஸ்டொப் கூடுதலாகக் கொடுங்கள். வயல் பக்கம் என்றால் வெயில் படுகிற பச்சைப் பயிரையே அளக்கலாம், அது நடுத்தரச் சாம்பலுக்குக் கிட்ட நிற்கும். அளவுமானி இல்லாத கமராவா? நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப் 16 வைத்து, பிலிமின் ஒளியுணர்வைக் காட்டும் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குக் கிட்டிய ஷட்டர் வேகம் போதும். 400 பிலிமுக்கு ஐந்நூறில் ஒரு விநாடி.

ஓரத்து எழுத்தும் மங்கல் என்றால் டெவலப்பர் பழசு. இல்லையேல் ஐஸ் போட்டுக் குளிரவைத்ததில் அளவு மீறி 18க்குக் கீழே போயிருக்கும்.

கனத்த நெகட்டிவ், வெளிச்சப் பகுதி அடைத்துப்போய், மணி பெருத்து

இங்கே கழுவுவோருக்கு ஆக அடிக்கடி வருகிற பிழை இது. வானமும் வெள்ளை வேட்டியும் நெகட்டிவில் தார் போலக் கறுத்து, ஸ்கான் செய்தால் ஒரு கோடும் கிடைக்காது. படத்தின் மணிகளும் (கிரெயின்) கரடுமுரடாகத் தெரியும்.

காரணம் எளிது. டெவலப்பரின் வேகம் சூட்டோடு ஏறும். தோராயமான கணக்கு, 20க்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். எச்.பி.5 பிளஸ் பிலிமை நீர்க்காத ஐ.டி.-11ல் 20 பாகையில் கழுவ ஏழரை நிமிடம். அதையே 28 பாகையில் கழுவினால் மூன்று நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். ஏழரை நிமிடமும் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடலாமே என்றால், அதுவும் சரிவராது. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த கழுவலில் டெவலப்பர் எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் எடுக்கும் விநாடிகளே பெரிய பங்காகிவிடும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குளிரவைப்பது. பெரிய பேசினில் தண்ணீர் விட்டு, டெவலப்பர், ஸ்டொப் கரைசல் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் போத்தலோடு அதற்குள் நிறுத்தி, ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள். மீன் சந்தையில் உடைத்து விற்கும் ஐஸ் இதற்குத் தாராளம். பைக்கு வெளியே அது வராமல் மட்டும் பாருங்கள். 20க்கு இறக்கியே ஆக வேண்டும் என்று போராட வேண்டாம், 24 போதும். 24ல் நிறுத்தி வைப்பது லேசு, 20ல் நிறுத்தி வைப்பது நாள் முழுக்க ஐஸ் சுமக்கிற வேலை.

மற்றது, டெவலப்பரை நீர்க்கச் செய்வது. நான் விரும்புவது இதைத்தான். அதே எச்.பி.5 பிளஸுக்கு ஐ.டி.-11ஐ ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 20 பாகையில் 13 நிமிடம், ஒன்றுக்கு மூன்று கலந்தால் 20 நிமிடம். மேலே சொன்ன கணக்கில் பார்த்தால், ஒன்றுக்கு மூன்று கலவையை 28 பாகையில் எட்டரை நிமிடத்துக்குக் கிட்டக் கழுவலாம். ஐஸ் இல்லாமலே பாதுகாப்பான நேரம் கிடைத்துவிட்டது. வெளிச்சப் பகுதியும் அடைக்காது, ஏனென்றால் நீர்த்த டெவலப்பர் அந்த இடங்களில் சீக்கிரம் களைத்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு றோலுக்கு மூல டெவலப்பர் குறைந்தது 100 மில்லி லீற்றராவது இருக்க வேண்டும். இரண்டு றீல் (பிலிமைச் சுற்றும் சட்டம்) கொள்ளும் 600 மி.லீ. கழுவும் டாங்கில் ஒரு றோலை மட்டும் போட்டால் 150 மி.லீ. கிடைக்கும். பிலிம் போடாத றீலை மேலே வைத்துவிடுங்கள்.

இந்த எண்கள் தொடங்குவதற்கானவை. முதல் றோலை முக்கியமில்லாத படங்களுக்கு எடுத்துக் கழுவிப் பார்த்து, கனமாக வந்தால் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். மெலிந்தால் அதே அளவு கூட்டுங்கள்.

30க்கு மேல் போனால் இன்னொரு தொல்லை சேரும். பிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் ஊதி இளகும், நகம் பட்டாலே உரியும். லீற்றருக்கு 100 கிராம் அளவில் சோடியம் சல்பேற் சேர்த்தால் அது ஊதுவதைத் தடுக்கலாம், வெப்ப நாடுகளுக்கென்று சொல்லப்பட்ட பழைய முறை அது. அதற்குப் போவதை விட, அப்படியான நாட்களில் விடியப்புறம் கழுவுவது நல்லது. இரவு முழுக்க வாளியில் ஆறிய தண்ணீர் மத்தியானத் தாங்கித் தண்ணீரை விட எத்தனையோ மேல்.

வானத்தில் கோடும் பட்டையும்

கடலும் வானமும் மட்டும் இருக்கிற படத்தில்தான் இது அம்பலமாகும். துளைகளிலிருந்து உள்ளே நீளும் கறுத்த கதிர்கள் தெரிந்தால் டாங்கைக் குலுக்கியது அதிகம். மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், ஒரு நிமிடத்துக்கு நாலு தடவை. மேகம் மாதிரித் திட்டுத்திட்டாக இருந்தால் நேரம் குறைவு, அல்லது குலுக்கல் போதாது. கண்ணாடி போலத் தெளிந்த சின்ன வட்டப் புள்ளிகள் இருந்தால் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறது. டெவலப்பர் ஊற்றியதும் டாங்கை மேசையில் இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். பிலிமின் நீளத்துக்கு ஒரு பக்க ஓரம் மட்டும் மங்கலாயிருந்தால், றீல் முழுதாக மூழ்கும் அளவுக்கு டெவலப்பர் ஊற்றப்படவில்லை.

பிறை வடிவக் கறுப்பு, ஒன்றோடொன்று ஒட்டிய இடங்கள்

இது இருட்டில் றீலில் சுற்றும்போது வரும் காயம். நகப்பிறை மாதிரிக் கறுத்த வளைவு தெரிந்தால் பிலிம் அந்த இடத்தில் மடிந்திருக்கிறது. பெரிய வெளுத்த திட்டு, அதுவும் பாலாடை போல ஒளி புகாமல் இருந்தால், இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டு மருந்து உள்ளே போகவில்லை.

கறுப்புப் பைக்குள் கையை விட்டுச் சுற்றுவோருக்கு இந்தக் கரையில் இது பெரிய சோதனை. ஐந்து நிமிடத்தில் பைக்குள் கை வியர்த்து, அந்த ஈரத்தில் பிளாஸ்டிக் றீல் பிலிமைப் பிடித்துக்கொள்ளும். தள்ளத் தள்ள மடியும். றீலைக் கழுவிய அன்றே திரும்பப் பாவிக்க வேண்டாம். வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், அந்தச் சின்ன உருண்டைகள் இருக்கும் இடத்தில் ஒரு துளி ஈரமும் இருக்கக் கூடாது. பிலிமின் முன் மூலைகள் இரண்டையும் கத்தரியால் சற்று வட்டமாக வெட்டுங்கள். முடிந்தால் பையைக் கைவிட்டு, இரவில் யன்னலில்லாத அறையில் கதவிடுக்கைத் துணியால் அடைத்துச் சுற்றுங்கள். பத்து நிமிடம் இருட்டில் நின்று பார்த்து, உங்கள் கை உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அந்த அறை போதும். நடுவில் சிக்கிவிட்டால் பலவந்தம் பண்ணாதீர்கள். பிலிமையும் றீலையும் டாங்குக்குள் வைத்து மூடி, கையைத் துடைத்து, விசிறிக்குக் கீழே கொஞ்சம் ஆறிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பிலிம் எங்கேயும் ஓடாது.

பால் பூத்த மாதிரி, அல்லது ஊதா நிறம்

பிலிமின் வெறும் பகுதி தெளிவில்லாமல் பால் கலந்தது போல இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. பயப்பட வேண்டாம், புதிய ஃபிக்ஸரில் திரும்பப் போட்டால் தெளியும். வெளிச்சத்திலேயே செய்யலாம். ஒவ்வொரு தடவையும் பிலிம் நாக்கில் ஒரு துண்டை ஃபிக்ஸரில் போட்டு, அது தெளிய எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். அதன் இரு மடங்கு போதும், டி-மாக்ஸ், டெல்டா வகைப் பிலிம்களுக்கு மூன்று மடங்கு. தெளியும் நேரம் புதிதாகக் கலந்தபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கானால் அந்த ஃபிக்ஸரின் கதை முடிந்தது.

ட்ரை-எக்ஸ், டி-மாக்ஸ் பிலிம்களில் மெல்லிய ஊதா நிறம் மிஞ்சுவது சாயம்தான். இன்னும் கொஞ்சம் ஃபிக்ஸ் செய்து கூடுதலாக அலசினால் போய்விடும்.

ஸ்டொப் கரைசலுக்குக் கடையில் வாங்கும் வெள்ளை வினாகிரியே போதும், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். ஒரு வேண்டுகோளும் உண்டு. பாவித்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். நமது நிலம் மணல், கிணறு பக்கத்தில். அதை முற்றத்தில் ஊற்றாதீர்கள். போத்தலில் சேர்த்து, சட்டி தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைப் போட்டு ஒரு கிழமை விட்டால் வெள்ளியில் பெரும்பகுதி கசடாகப் படியும். அந்தக் கசடைத் தனியே எடுத்து வையுங்கள்.

காய்ந்த பிறகு வட்டமும் வெள்ளைப் பொடியும்

இது தண்ணீரின் வேலை. வாவிக்கரையிலும் கடற்கரையிலும் இருக்கும் கிணறுகளில் கோடை முற்றச் சவர் ஏறும். அந்தத் துளி பிலிமில் நின்று காய்ந்தால் உப்பும் சுண்ணாம்பும் அங்கேயே தங்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் என்றால் அது பிலிமிலும் படியும். டெவலப்பர் கலக்கவும் அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம்.

நடுவில் அலசுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். தண்ணீரை மிச்சம் பிடிக்க நல்ல முறை ஒன்றிருக்கிறது: டாங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்து ஊற்றுங்கள், திரும்ப நிரப்பிப் பத்துத் தடவை, மூன்றாவதாக இருபது தடவை. ஓடும் குழாய் தேவையே இல்லை. கடைசி அலசல் மட்டும் சுத்தமான தண்ணீரில் இருக்கட்டும். பற்றறிக்கு விடும் வடிதண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் அரை லீற்றர் போதும். அதில் ஈரமூட்டும் கரைசலை ஓரிரு துளி விட்டு, அரை நிமிடம் அமிழ்த்தி, அப்படியே தொங்கவிடுங்கள். விரலிடுக்கில் வழிக்க வேண்டாம், சூட்டில் இளகிய ஜெலட்டினில் நேரான நீளக் கீறல் விழுவது அப்படித்தான்.

ஏற்கனவே வட்டம் விழுந்திருந்தால் வடிதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் திரும்பக் காயவிடுங்கள். பெரும்பாலும் போகும்.

தொங்கவிடும் இடம் குளியலறை. ஆடி மாதம் கச்சான் காற்று வீசும் நாட்களில் வீடெல்லாம் புழுதி. சுவருக்கும் நிலத்துக்கும் தண்ணீர் அடித்துப் புழுதி படிந்த பிறகு தொங்கவிட்டால் தப்பலாம். மாரியில் எதிர்ப்பக்கத் தொல்லை. காலையில் தொங்கவிட்டது இரவுக்கும் காயாது, விசிறியைப் போட ஆசை வரும், போடாதீர்கள். ஈர ஜெலட்டின் கரப்பானுக்குத் தீனி. இரவு முழுக்க அப்படியே விட வேண்டியிருந்தால் கதவிடுக்கை அடையுங்கள்.

பக்கத்திலிருந்து வரும் வெளிச்சக் கோடு

நெகட்டிவில் கறுத்தும் படத்தில் வெளுத்தும் தெரியும். கோடு படச்சட்டத்தைத் தாண்டித் துளைகள் வரைக்கும் போயிருந்தால் கமராவின் பின்கதவு ஒழுகுகிறது. பழைய கமராக்களின் கதவோரத்து ஸ்பொஞ்சு நம் சூட்டில் பிசின் மாதிரி உருகிவிடும். அதைச் சுரண்டியெடுத்து, மெல்லிய கறுப்புக் கம்பளி நூலை அந்தப் பள்ளத்தில் ஒட்டலாம். கோடு படத்துக்குள்ளேயே நின்றால் ஷட்டரைப் பாருங்கள். துணி ஷட்டர் வைத்த ரேஞ்ச்ஃபைண்டரைக் கல்லடிக் கடற்கரையில் சூரியனைப் பார்க்கத் திறந்து வைத்தால், லென்ஸ் வழியாக வரும் வெயில் துணியில் ஊசித்துளை சுடும். மூடி போட்டே வையுங்கள்.

கறுப்பு வெள்ளை ஓரளவு மாறி, உருவங்களின் விளிம்பில் மெல்லிய கோடு ஓடினால், பாதி கழுவிய நிலையில் வெளிச்சம் பட்டிருக்கிறது. கொழும்பில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) இதையே விரும்பிச் செய்து அழகான படங்கள் ஆக்கினார். நீங்கள் விரும்பாமல் வந்திருந்தால் டாங்கின் மூடியைச் சோதியுங்கள்.

நெகட்டிவ் நன்றாக இருக்கிறது, ஆனால் படத்தில் உயிரில்லை

கழுவுவதைப் பழகிவிட்டவருக்கு அடுத்து வருவது இது. இதற்கு இருட்டறையில் மருந்தில்லை.

வானம் வெறும் வெள்ளையாக வருகிறது என்றால், பிலிம் நீலத்தை நம் கண்ணை விட வெளிச்சமாகப் பார்க்கிறது. மஞ்சள் கண்ணாடி லென்ஸுக்கு முன் போட்டால் மேகம் பிரிந்து தெரியும், ஒரு ஸ்டொப் கூட்டிக் கொடுக்க வேண்டும். செம்மஞ்சள் இரண்டு ஸ்டொப், சிவப்பு மூன்று. ஆனால் வானத்தில் இந்தக் கண்ணாடிகள் நீலத்தைத்தான் இருட்டாக்கும். அடிவானத்து ஈரப்புகையை ஒன்றும் செய்யாது. எனவே எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது கண்ணாடியை விடப் பெரிய விஷயம். காலையில் எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே) கடலைப் பார்த்து நின்றால் சூரியன் முன்னால், வானம் வெளுத்திருக்கும். அதே நேரத்தில் திரும்பி வாவியையும் அக்கரையையும் பாருங்கள், நல்ல நீலம் இருக்கும். பின்னேரம் இது தலைகீழ். மேகத்தோடு கடல் வேண்டுமானால் பின்னேரம் சூரியனை முதுகுக்கு விட்டு எடுங்கள். படுவான்கரையின் (வாவிக்கு மேற்கே) வயலும் மாடும் மேகமும் வேண்டுமானால் காலையில் போய் மேற்கைப் பாருங்கள்.

பயிரும் வானமும் ஒரே சாம்பலாக வருவது மார்கழியில் சம்மாந்துறைப் பக்கம் பெரும்போகப் பயிரை எடுப்போரின் முறைப்பாடு. சிவப்புக் கண்ணாடி போட்டால் வானம் இருண்டாலும் பயிரும் கூடவே கறுக்கும். மஞ்சட்பச்சைக் கண்ணாடி போடுங்கள், இளம்பயிர் வெளுக்கும், வானம் சற்று இறங்கும். மாசியில் நெல் பழுத்த பிறகு எல்லாம் மாறிவிடும். அப்போது செம்மஞ்சளைப் போட்டால் கதிர் வெளிச்சமாகி வானம் கருமையாகும். இந்தக் கரையில் கறுப்பு வெள்ளையில் எடுக்க அதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

கண்குழி கறுத்த முகங்கள் உச்சி வெயிலின் வேலை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆளைத் திண்ணைக்கோ மர நிழலின் விளிம்புக்கோ கூட்டிவந்து, வெயில் விழுந்த மணல் அவருக்கு முன்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். மணலிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணுக்குள் போகும். தீமிதிப்பு, தேர் மாதிரி ஆளை நகர்த்த முடியாத இடங்களில், அளவுமானி காட்டியதை விட ஒரு ஸ்டொப் கூட்டிக் கொடுத்து, கழுவும் நேரத்தை ஆறில் ஒரு பங்கு குறையுங்கள். நிழலுக்குப் பார்த்து ஒளி கொடுத்து, வெளிச்சத்துக்குப் பார்த்துக் கழுவுவது அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் அன்ஸல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்த சோன் முறையின் அடிப்படை. கறுத்த மேனியின் மினுக்கம் இதில் அழகாக வரும். பிறகு கணினியில் முகத்தை வெளுப்பாக்கும் வேலையை தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மேனியின் நிறத்தொடர்ச்சிக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டோம்.

இரவில் எடுத்தவை

கூத்துக் களரியில் வெளிச்சம் குறைவு. எச்.பி.5 பிளஸை ஐ.எஸ்.ஓ. 1600 என்று வைத்து எடுத்து, நீர்க்காத ஐ.டி.-11ல் 20 பாகையில் 14 நிமிடம் கழுவலாம், 26ல் ஏழரை நிமிடம் அளவில். இங்கே நீர்த்த கலவை வேண்டாம். நிழல் கறுத்தே வரும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வடமோடிக் கூத்தில் வரும் அரசனின் கிரீடத்தில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் முகமும் இருந்தால் போதும்.

கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தை இரவில் முக்காலி வைத்து எடுத்து, அளவுமானி சொன்னபடியே கொடுத்தும் மெலிந்து வந்தால், அது பிலிமின் குணம். நீண்ட நேரத்துக்கு அது சோர்ந்துபோகும். எச்.பி.5 பிளஸில் 10 விநாடி என்று காட்டினால் 20 கொடுங்கள், 30 என்று காட்டினால் ஒன்றரை நிமிடத்துக்குக் கிட்ட.

கைத்தொலைபேசியில் எடுத்து மாற்றினால் சாம்பல் பூசிய மாதிரி

நிறத்தை வெறுமனே நீக்கினால் அப்படித்தான் வரும். மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் இடம் இருக்கும். நீலத்தைக் குறைப்பது செம்மஞ்சள் கண்ணாடி போடுவதற்குச் சமம். பச்சையையும் மஞ்சளையும் கூட்டினால் வயல் எழும்பும். நீலத்தை அடிவரை இழுத்தால் வானத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், பாதியில் நிறுத்துங்கள்.

வருடங்கள் கழித்து வலைப்பின்னல் மாதிரிப் படர்ந்தால்

பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் அது வளரும். மாரியில் நம் வீடுகளில் எப்போதும் அதற்கு மேல்தான். ஜெலட்டின் அதற்கு உணவு. நெகட்டிவுகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறியதும் அதை 110, 120 பாகை சூட்டில் வறுத்து ஈரத்தைப் போக்கித் திரும்பப் போடலாம். லென்ஸுக்கும் இதே பெட்டிதான். தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்பது பூஞ்சணத்தைக் கூப்பிட்டு வைப்பது போல.

கழுவாத பிலிமை ஃபிரிட்ஜில் வைக்கலாம், மூடிய டப்பாவோடு. வெளியே எடுத்ததும் திறக்க வேண்டாம், ஒன்றரை மணி நேரம் ஆறட்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த பிலிமில் நம் காற்று வேர்த்துப் புள்ளி விழும். எடுத்து முடித்த றோலை அப்படியும் நாள்கடத்தாமல் அந்தக் கிழமைக்குள் கழுவிவிடுங்கள். லென்ஸில் ஏற்கனவே பூஞ்சணம் ஏறியிருந்தால் எறிந்துவிட வேண்டாம். துடைத்த பிறகும் கண்ணாடியில் அரிப்புத் தடம் மிஞ்சலாம், ஆனால் சூரியன் முன்னால் இல்லாத படங்களில் அது பெரும்பாலும் தெரியாது. வெயில் நேரே விழாமல் மறைப்பு ஒன்றை மாட்டி, தொடர்ந்து பாவியுங்கள்.